பசுவின் பெயரில் ஒரு கணக்கேடு



1895ஆம் ஆண்டிலே, டென்மார்க் நாட்டின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள வையென் என்னும் ஊரைச் சுற்றி வாழ்ந்த கமக்காரர் சிலர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். நிலம் வாங்குவதற்காகவோ, கடன் பெறுவதற்காகவோ, விளைபொருளை விற்பதற்காகவோ அமைந்த சங்கம் அன்று அது. தங்கள் தொழுவத்தில் நிற்கும் ஒவ்வொரு பசுவும் எவ்வளவு பால் கறக்கிறது, அந்தப் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, அதற்காக அது எவ்வளவு தீனி தின்கிறது என்பவற்றை அளந்து எழுதுவதற்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதற்காகவே அவர்கள் கூடினர். உலகத்தில் இவ்வகையில் தோன்றிய முதற் சங்கம் அதுவே.

தன் மாட்டைப் பற்றித் தனக்குச் சொல்ல வேறொருவன் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நாள் தவறாமல் இரு வேளையும் மடியில் கைவைத்துக் கறப்பவனுக்குத் தெரியாதது, பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து போகும் ஓர் இளைஞனுக்கு எவ்வாறு தெரியும்? வையென் ஊர்க் கமக்காரரின் அயலவர்களும் இதையே கேட்டிருப்பார்கள். இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அவர்களுடைய நாடு அதற்கு முன் முப்பது ஆண்டுகளில் கடந்துவந்த பாதையைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

1864இல் டென்மார்க், பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முதலிய செழிப்பான தென்மாகாணங்கள் கைநழுவின. புதிய எல்லைக்கோடு கொங்கெயோ என்னும் சிற்றாற்றை ஒட்டி ஓடியது. அந்த ஆற்றுக்குச் சற்று வடக்கே இருப்பதுதான் வையென். ஆகவே, ஆற்றுக்கு அப்பால் உறவினரை விட்டுப் பிரிந்தவர்கள் அப்பகுதியில் அநேகர். எல்லைக்கு அப்பால் ஜெர்மன் ஆட்சிக்குட்பட்டுவிட்ட ரோடிங் என்னும் ஊரிலிருந்த மக்கள் உயர்பள்ளி, 1865இல் எல்லைக்கு இப்பால், வையெனுக்கு அருகிலுள்ள ஆஸ்கோ என்னும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. சமய குருவும் புலவருமான குருண்ட்விக் என்பவரின் கருத்திலிருந்து பிறந்த பள்ளிகள் இவை. பரீட்சையும் பட்டமும் இல்லாதவை. குளிர்காலத்தில் வயலில் வேலை குறைந்த மாதங்களில் கமக்காரரின் மக்கள் அங்கே தங்கித் தம் நாட்டுச் சரித்திரத்தையும் மொழியையும் இயற்கை நூலையும் செவிவழியாகக் கற்றனர். மாடு வளர்ப்பை இப்பள்ளிகள் நேராகக் கற்பித்தன என்று எண்ணிவிடக்கூடாது. ஆனால், ஒருவர் பேசுவதை நாற்பது பேர் இருந்து கேட்டு, பின்பு எழுந்து வினாவும் பழக்கம் அங்கேதான் வந்தது. அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் எந்தச் சங்கமும் இரண்டு ஆண்டு தாண்டுவதில்லை.

போரின் காயம் ஆறுமுன்னே மற்றோர் அடி விழுந்தது. 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டென்மார்க்கின் கமக்காரருக்கு விலை சரிந்தது. ஐரோப்பாவின் வேறு பல நாடுகள் இறக்குமதித் தீர்வையை உயர்த்தி அரண் கட்டிக்கொண்டன. டென்மார்க்கோ கதவைத் திறந்தே வைத்தது. மலிவாக வந்த தானியத்தையும் பிண்ணாக்கையும் வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் இட்டு, வெண்ணெயாகவும் பதனிட்ட பன்றி இறைச்சியாகவும் மாற்றி, இங்கிலாந்துத் தொழிலாளரின் காலை உணவு மேசைக்கு அனுப்பத் தொடங்கியது.

சொல்ல எளிது, செய்வது அப்படியன்று. அக்காலத்தில் நல்ல வெண்ணெய் என்பது பெருநிலக்காரரின் மாளிகைப் பண்ணைகளில் மட்டுமே உண்டானது. நூறு பசுக்கள் வைத்திருப்பவர் ஒரே நாட் பாலில் பாலாடை எடுத்து ஒரே நாளில் கடைந்துவிடலாம். ஆறு பசு வைத்திருப்பவரோ, பாலைத் தட்டையான பாத்திரங்களில் ஊற்றி ஆடை படியும்வரை காத்திருந்து, நாலைந்து நாள் ஆடையைச் சேர்த்து, அது புளித்த பின்பு கடைய வேண்டும். அந்த வெண்ணெய்க்குச் சந்தையில் ‘குடியானவர் வெண்ணெய்’ என்றே பெயர். விலையும் அதற்கேற்ப இறங்கியே நின்றது. அதைக் கடைந்த பெண்களின் கையில் குறையில்லை. பாலின் அளவு சிறிதாயிருந்ததே குறை.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது ஒரு பொறி. 1878ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கிலும் சுவீடனிலும், பாலைச் சுழற்றி ஆடையை உடனுக்குடன் பிரிக்கும் இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்தன. சுவீடன் நாட்டவரான டி லாவால் என்பவரின் பெயர் இதில் பிரசித்தம். இரண்டாவது ஓர் ஒப்பந்தம். 1882இல் மேற்கு யூட்லாந்தில் ஓல்கொட் என்னும் ஊருக்கு அருகே, யெடிங் கிராமத்துக் கமக்காரர்கள் கூடி, வீட்டுத் தேவைக்கு வைத்துக்கொள்வது போக எஞ்சிய பால் முழுவதையும் தங்கள் பொதுப் பாற்சாலைக்கே தருவதாகக் கையெழுத்திட்டனர். கடனுக்கு அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். இலாபம் பாலின் அளவுப்படி. ஆலோசனைக் கூட்டத்தில் வாக்கு ஆளுக்கு ஒன்று. இவ்வாறு தோன்றிய கூட்டுறவுப் பாற்சாலைகளில், வாக்கை மனிதர் தலையால் எண்ண வேண்டுமே தவிர மாட்டின் தலையால் எண்ணலாகாது என்பது டேனிஷ் மொழியிலே ஒரு சிலேடையாகவே வழங்கலாயிற்று. 1890 அளவில் இத்தகைய பாற்சாலைகள் ஏறத்தாழ எழுநூறு. நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின.

இந்த மாற்றத்தால் இழந்தவரும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. பரம்பரை பரம்பரையாக வெண்ணெய் கடைவது பெண்களின் கலையாக இருந்தது. கோப்பன்ஹேகனுக்கு அருகே ஹன்ன நீல்சன் என்ற அம்மையார் தம் பண்ணையிலே பலருக்கு அக்கலையைக் கற்பித்துப் புகழ் பெற்றிருந்தார். பாற்சாலைகள் பெருகியபோது நீராவிப் பொறியும் சம்பளமும் ஆண்களின் கைக்குப் போயின. வீட்டு வேலையில் ஒரு சுமை குறைந்தது. வீட்டுப் பெண்ணின் கையிலிருந்த ஓர் அதிகாரமும் அதோடு குறைந்தது.

இனி, பாற்சாலை எழுந்ததும் எழுந்த சிக்கலைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பாலை நிறுத்து, நிறைக்கேற்பப் பணம் கொடுத்தார்கள். கொழுப்பு நிறைந்த பாலுக்கும் நீர்த்த பாலுக்கும் ஒரே விலை. சற்றுத் தண்ணீர் சேர்ப்பவன் ஆதாயம் பெறுவான். நல்ல பசுவை வளர்ப்பவன் அயலவனுக்குத் தானம் செய்வான். கூட்டுறவு என்ற நல்ல சொல் இத்தகைய சிறு கசப்புகளாலேயே பல இடங்களில் குலைந்திருக்கிறது. இங்கே கைகொடுத்தவர் பியோர்ட் என்னும் பௌதிக ஆசிரியர். 1825இல் பிறந்த அவர், தம் வாழ்வின் பிற்பகுதியைப் பாற்பண்ணை ஆராய்ச்சிக்கே அர்ப்பணித்தார். பல கமக்காரரின் பால் மாதிரிகளை ஒரே வேளையில் சிறு குழாய்களில் சுழற்றி, ஒவ்வொன்றிலும் படியும் ஆடையின் உயரத்தை அளந்து ஒப்பிடும் கருவியை 1880களில் அவர் ஆக்கித் தந்தார். அதன்பின் பாலின் தரம் அறிந்து பணம் கொடுப்பது இயலுவதாயிற்று. 1890இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப்கொக் என்பவர், கந்தக அமிலத்தைச் சேர்த்துக் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட அவர் முற்படவில்லை. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கேர்பர் என்பவர் அதையொத்த வேறொரு முறையைக் கண்டார். ஒரு சாதாரண மனிதன் சில நாட் பயிற்சியோடு, பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று கால் மணி அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்ற நிலை இவ்வாறு பிறந்தது.

பியோர்ட்டுக்கும் முன்னோடியாக ஒருவர் இருந்தார். செகெல்கே என்பது அவர் பெயர். 1860களிலிருந்தே அவர் பண்ணை பண்ணையாகச் சென்று, ‘வெப்பமானியை வையுங்கள், தராசை வையுங்கள், எழுதி வையுங்கள்’ என்று மூன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். விரலைத் தோய்த்துச் சூடு பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிற்பாடு அரச மிருகவைத்திய விவசாயக் கல்லூரியில் பாற்பண்ணைக் கலைக்கு ஆசிரியராக அவர் அமர்ந்தபோது, அவரிடம் படித்த மாணவர்கள் அம்மூன்றையும் நாடெங்கும் கொண்டு சென்றனர்.

பாற்சாலையில் இப்போது வெப்பமானி உண்டு, தராசு உண்டு, பேரேடும் உண்டு. ஆனால் கமக்காரனின் தொழுவத்துள்ளே இவை எதுவும் நுழையவில்லை. பாற்சாலைக் கணக்கு, பத்துப் பசுவின் பாலும் கலந்த ஒரே பாத்திரத்துக்குரிய கணக்கு. அந்தப் பத்தில் எது வீட்டைத் தாங்குகிறது, எது வீட்டின் தலையில் இருந்து தின்கிறது என்று அது சொல்லாது. வையென் ஊரார் நிரப்ப முயன்ற இடம் இதுவே.

கறப்பவனுக்கே இது தெரியாதா என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். தெரியாது என்பதே உண்மை. கன்று ஈன்ற புதிதில் பாத்திரம் நிரம்பி நுரை வழியும் பசுவையே மனம் நினைவில் வைக்கும். அது நாலு மாதத்தில் இறங்கி, அடுத்த ஈற்றுக்கு முன் நெடுநாள் வற்றி நிற்பதை மனம் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு பசு ஆரவாரமில்லாமல் நடுத்தரமாகக் கறந்து பத்து மாதம் ஓயாமல் நிற்கும், அதற்குப் பெயரில்லை. கொழுப்போ கண்ணுக்கே தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பசு நாளொன்றுக்கு 20 கிலோ பால் தருகிறது. கொழுப்பு நூற்றுக்கு 3.2. இன்னொன்று 15 கிலோ தருகிறது. கொழுப்பு நூற்றுக்கு 4.5. பாத்திரத்தைப் பார்த்தால் முதற் பசுவே சிறந்தது. கணக்கிட்டால் முதலாவது தரும் கொழுப்பு 640 கிராம். இரண்டாவது தருவது 675 கிராம். வெண்ணெய் விற்பவனுக்கு இரண்டாவதே மேல். அது தின்னும் தீனியும் குறைவாயிருப்பின் கேட்க வேண்டுவதில்லை.

சங்கத்தின் வேலைமுறை மிக எளிமையானது. அங்கத்தவர் தங்கள் பசுக்களின் தொகைக்கேற்பச் சந்தா செலுத்தினர். அப்பணத்தில் ஒரு துணையாளரை நியமித்தனர். பெரும்பாலும் அவர் கமக்காரரின் பிள்ளையே. விவசாயப் பள்ளியில் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். அத்தகைய பள்ளிகளில் பேர்பெற்ற லாதெலுண்ட் வையெனுக்கு அண்மையிலேயே இருந்தது. ஒருநாள் மாலை அவர் ஒரு பண்ணைக்கு வந்து சேருவார். மாலைக் கறவையில் ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியே நிறுத்து, மாதிரி எடுத்துக்கொள்வார். இரவு அங்கேயே உணவும் உறக்கமும். விடியற்காலையில் மீண்டும் அவ்வாறே செய்வார். ஒவ்வொரு பசுவுக்கும் இடும் பிண்ணாக்கு, தானியம், கிழங்கு, வைக்கோல் அனைத்தையும் தராசில் வைப்பார். பின்பு சமையலறை மேசையிலோ, பால் வைக்கும் அறையிலோ சிறு சுழற்பொறியை நிறுத்திக் கொழுப்பைச் சோதித்து, பேரேட்டிலே அந்தந்தப் பசுவுக்குரிய பக்கத்தில் எழுதுவார். அன்றைய அளவை அடுத்த வருகை வரையுள்ள நாட்களால் பெருக்க, அந்த இடைக்காலத்துக்குரிய தொகை கிடைக்கும். இவ்வாறு ஆண்டு முழுதும் கூட்டினால் ஒரு பசுவின் ஆண்டு வரலாறு ஒரே பக்கத்தில் நிற்கும். மறுநாள் அவருடைய பெட்டியை அடுத்த பண்ணைக்கு ஏற்றிச் சேர்ப்பது, பல சங்கங்களில், முதற் பண்ணைக்காரரின் பொறுப்பாயிருந்தது.

இவற்றுள் மிக நுட்பமானது தீனிக் கணக்கு. பிண்ணாக்கும் கிழங்கும் வைக்கோலும் வெவ்வேறு பொருள்கள். அவற்றை எப்படிக் கூட்டுவது? பியோர்ட்டும் அவர் வழிவந்தவர்களும் பன்றிகளுக்கும் பசுக்களுக்கும் தீனி மாற்றி மாற்றி இட்டு நடத்திய சோதனைகளிலிருந்து ஒரு பொது அளவு பிறந்தது. ஒரு கிலோ வாற்கோதுமைக்குச் சமமான சத்து எதுவோ அதை ஓர் அலகு என்று கொண்டனர். இன்ன கிழங்கில் இத்தனை கிலோ, இன்ன வைக்கோலில் இத்தனை கிலோ ஓர் அலகு என்று அட்டவணை வகுத்தனர். அதன்பின், ‘நூறு அலகு தீனிக்கு இந்தப் பசு எவ்வளவு வெண்ணெய் கொடுத்தது?’ என்று கேட்க முடிந்தது. அக்கேள்விக்கு எண்ணால் விடை கிடைத்ததும், தொழுவத்தின் நீண்டகால வழக்கம் ஒன்று ஆட்டங்கண்டது. எல்லாப் பசுவுக்கும் ஒரே அளவு தீனி இடுவதுதான் அந்த வழக்கம். அதன் பலனாகக் குறையக் கறக்கும் பசு கொழுத்தது. நிறையக் கறக்கும் பசு தன் உடம்பையே கரைத்துப் பால் தந்தது. கறவைக்கு ஏற்ற தீனி என்ற திட்டத்தைத் துணையாளர் எழுதிக் கொடுத்தார். புதிய மாடு வாங்காமலே, புதிய நிலம் சேர்க்காமலே, இருந்த தீனியை இடம் மாற்றியதனால் மட்டும் பால் கூடிய தொழுவங்கள் இருந்தன.

துணையாளர் எப்போதும் வரவேற்கப்பட்டார் என்று எண்ண வேண்டாம். பிறர் அடுக்களையில் தங்கிப் பிறர் கணக்கைப் பார்ப்பவர் அவர். எந்த வீட்டுத் தொழுவம் அழுக்கு, எந்த வீட்டில் பிண்ணாக்குக் கடன் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டு மேசையில் அவர் வாய் திறக்காதிருக்க வேண்டும். பட்டியிலே மிகவும் அழகானதென்று பெயர் பெற்ற பசு, ஏட்டிலே கடைசியில் நிற்பதைச் சொல்லும் சங்கடமும் அவருடையதே. ஆனால் அவர் அரசாங்கத்தின் பரிசோதகர் அல்லர். அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. சம்பளம் கொடுப்பவர் கமக்காரர், விலக்குபவரும் அவர்களே. பசுவை வைத்துக்கொள்வதா விற்பதா என்று தீர்மானிப்பவரும் அவர்களே. அரசாங்கம் பின்னாளில் மானியம் தந்தது. ஆளைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கேட்கவில்லை. நாடெங்கும் கமக்காரர் சங்கங்கள் வைத்துக்கொண்ட கால்நடை ஆலோசகர், பயிர் ஆலோசகர் ஆகியோரும் இந்த ஒழுங்கிலேயே அமைந்தனர். என் எண்ணத்தில், டென்மார்க்கின் வெற்றிக்குச் சுழற்பொறியைவிட இந்த ஒழுங்கே பெரிய காரணம். மேலிருந்து வரும் அதிகாரி கேட்டால் கமக்காரன் நல்ல பசுவையே காட்டுவான். தான் வைத்த ஆளுக்கு மட்டுமே நோயுற்ற பசுவையும் காட்டுவான்.

நோய் என்றதும் இன்னொரு வரலாறு நினைவுக்கு வருகிறது. கூட்டுறவே நோயைப் பரப்பிய வரலாறு அது. ஆடை நீக்கிய பாலைப் பாற்சாலை அங்கத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும். கன்றுக்கும் பன்றிக்கும் அதுவே உணவு. ஐம்பது வீட்டுப் பாலும் ஒன்றாய்க் கலந்து, ஐம்பது வீட்டுக்கும் பிரிந்து போகிறது. அவற்றுள் ஒரு வீட்டுப் பசுவுக்குக் காசநோய் இருந்தால், ஐம்பது வீட்டுக் கன்றுகளும் அக்கிருமியைக் குடிக்கும். ஒற்றுமையின் கருவியாக எழுந்த பாற்சாலை, பல ஆண்டுகள் இவ்வாறு மாட்டுக் காசநோயின் நெடுஞ்சாலையாகவும் இருந்தது. இதை விளங்கிக்கொண்டு வழி சொன்னவர், மிருக வைத்தியப் பேராசிரியர் பேர்ண்ஹார்ட் பாங். ‘டியூபர்க்குலின்’ சோதனையால் நோயுற்றவற்றைக் கண்டறிந்து பிரித்து வைக்க வேண்டும். கன்று பிறந்தவுடன் அப்புறப்படுத்திக் காய்ச்சிய பாலிலே வளர்க்க வேண்டும் என்பது 1890களில் அவர் வகுத்த முறை. நோயுள்ள மாடுகளையெல்லாம் ஒரே நாளில் கொன்றுவிடும்படி அவர் கூறவில்லை. அப்படிக் கூறியிருந்தால் எந்தக் கமக்காரனும் தொழுவத்தின் கதவைத் திறந்திருக்கமாட்டான். 1898இல் வந்த சட்டம், திருப்பிக் கொடுக்கும் பாலைப் பாற்சாலைகள் உயர்ந்த வெப்பத்துக்குச் சூடாக்கியே கொடுக்க வேண்டுமென விதித்தது. உண்மையில் சூடாக்கினார்களா என்று எப்படி அறிவது? அதற்கும் ஒருவர் இருந்தார். வில்ஹெல்ம் ஸ்டோர்க் என்ற இரசாயன அறிஞர், 80 பாகை வரை காய்ந்த பாலையும் காயாத பாலையும் நிறமாற்றத்தால் காட்டிக்கொடுக்கும் சோதனையை அதே ஆண்டில் வெளியிட்டார். சட்டமும் சோதனையும் ஒருமித்து வந்தது, ஆட்சி நடத்துவோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

வெண்ணெயின் தரத்தைக் காத்த முறையும் சுவையானது. 1889 முதல், பியோர்ட்டின் ஆராய்ச்சிசாலை நடத்திய வெண்ணெய்க் காட்சிக்குப் பாற்சாலைகள் பீப்பாய் அனுப்ப வேண்டும். எந்த நாளில் என்று முன்கூட்டித் தெரியாது. திடீரெனத் தந்தி வரும். அந்த வேளையில் கைவசம் இருக்கும் வெண்ணெயை உடனே அனுப்ப வேண்டும். காட்சிக்கென்று தனியே கடைந்த வெண்ணெய்க்கு இடமில்லாமற் போயிற்று. பிற்காலத்தில் பழைய ஊதுகொம்பின் உருவத்தைப் பொறித்த ‘லூர்’ முத்திரை, 1906ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஏற்றுமதியாகும் டேனிஷ் வெண்ணெய்க்குக் கட்டாயமாயிற்று.

வையென் முறை விரைவிலே பரவியது. சில ஆண்டுகளுக்குள் டென்மார்க்கில் அத்தகைய சங்கங்கள் நூற்றுக்கணக்காயின. எனினும் முதலிற் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்கு மேற்பட்ட பசுக்கள் வைத்திருந்தவர்களே. மூன்று நான்கு பசுவோடு வாழ்ந்த சிறுநிலக்காரருக்குத் துணையாளரின் ஒருநாட் செலவே பாரமாயிருந்தது. பல பத்தாண்டுகள் வரை நாட்டின் பெரும்பாலான பசுக்கள் கணக்கேட்டுக்கு வெளியேதான் நின்றன. அவற்றுக்கும் பலன் வந்து சேர்ந்தது வேறு வழியால். ஏட்டிலே தேறிய பசுக்களின் ஆண் கன்றுகளே பொலிகாளைகளாகத் தெரிவாயின. கமக்காரர் கூடிப் பொலிகாளை வாங்கும் சங்கங்கள் ஊர்தோறும் இருந்தன. ஆகவே ஏடில்லாத தொழுவத்திலும் ஏடுள்ள தொழுவத்தின் இரத்தம் ஓடியது. 1936இல் சாம்சோ என்னும் சிறு தீவில், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கென உலகின் முதற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, ஒரே காளையின் பயன் பல நூறு பசுக்களுக்கு எட்டியது. எந்தக் காளை என்று தெரிவுசெய்ய நாற்பது ஆண்டுப் பேரேடுகள் ஆயத்தமாயிருந்தன.

கடல் கடந்தும் இம்முறை சென்றது. 1903இல் ஸ்கொட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில், டென்மார்க்கைக் கண்டு வந்த ஜோன் ஸ்பியர் என்ற பண்ணையாளரின் முயற்சியால் பாற்கணக்கு தொடங்கிற்று. 1905இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நியூவேகோ மாவட்டத்தில் ஹெல்மர் ராபில்ட் என்ற டேனிஷ் குடியேறி முதலாவது பசுச் சோதனைச் சங்கத்தை அமைத்தார். அமெரிக்கர் அதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டனர். மாதத்தில் வேலைநாள் இருபத்தாறு. ஆகவே ஒரு சங்கத்துக்குப் பண்ணை இருபத்தாறு. பண்ணைக்கு மாதம் ஒரு நாள். சில ஆண்டுகளில் ராபில்டை மத்திய விவசாயத் திணைக்களமே அழைத்துக்கொண்டது. 1951இல் ஐரோப்பிய நாடுகள் ரோமாபுரியில் கூடி, ஒரு நாட்டுக் கணக்கை மற்ற நாடு நம்பத்தக்கவாறு அளவைமுறைகளை ஒழுங்குபடுத்தும் குழுவை நிறுவின. அக்குழு பின்பு உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது.

இன்றைய டென்மார்க்கில் ஆயிரம் பாற்சாலைகள் இல்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து, கடைசியில் 2000ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கூட்டுறவோடும் சேர்ந்து ஒரே பெருநிறுவனமாயின. பாற்பண்ணை நடத்தும் குடும்பங்களும் சில ஆயிரமாகக் குறைந்துவிட்டன. பசு ஒன்றின் ஆண்டுக் கறவையோ சராசரி 10,000 கிலோவைத் தாண்டிவிட்டது. அளவு பெருகப் பெருக ஆட்கள் குறைந்துபோன இந்தக் கணக்கை, 1882இல் யெடிங்கில் கையெழுத்திட்டவர்கள் விரும்பியிருப்பார்களா என்பது வேறு கேள்வி. அவர்களுடைய முதற் பாற்சாலைக் கட்டிடம் இப்போது காட்சிசாலையாக நிற்கிறது. தொழுவங்களில் பல இடங்களிலே இயந்திரமே கறக்கிறது. பசு தன் முறை வரும்போது தானே நடந்து உள்ளே வருகிறது. அதன் கழுத்திலோ காதிலோ உள்ள இலக்கத்தை இயந்திரம் படித்து, அன்றைய நிறையைப் பதிந்துகொள்கிறது. ஆயினும் குறித்த நாட்களில் ஒவ்வொரு பசுவின் பாலிலும் சிறு குப்பியளவு எடுத்து, பெயரெழுதி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வேலை இன்னும் நின்றுவிடவில்லை.